ஐரோப்பிய மேலாண்மைப் படிப்பு: முதலில் நாடு, பிறகே கல்லூரி

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் 'பைனான்சியல் டைம்ஸ்' நாளிதழ் மேலாண்மை முதுநிலைப் படிப்புகளின் உலகத் தரவரிசைப் பட்டியலை வெளியிடுகிறது. 2005-இல் தொடங்கிய இந்தப் பட்டியலை இன்று சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உள்ள நடுத்தரக் குடும்பங்கள் வரி விடாமல் படிக்கின்றன. பொறியியலோ வணிகவியலோ முடித்த பிள்ளையை ஐரோப்பாவில் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேர்த்து, அதன் வழியே மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் போன்ற ஆலோசனை நிறுவனம் ஒன்றில் அமர்த்திவிட வேண்டும் என்பது அக்குடும்பங்களின் கனவு.

இந்தக் கனவு வலுப்பெற்றதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை அறிவித்தது. கனடா 2024 முதல் வெளிநாட்டு மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்துள்ளது. கடல் கடந்து படிக்க நினைக்கும் நம் இளைஞர்களின் பார்வை ஐரோப்பாவின் பக்கம் திரும்புவது இயல்பே.

பணி ஓய்வு பெற்ற பின்னும் என் பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளைகளின் பொருட்டு என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: 'பட்டியலில் எந்தக் கல்லூரி மேலே இருக்கிறது?' கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் வேறு கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. எந்த நாட்டின் வேலைச் சந்தை அந்தப் பிள்ளையை ஏற்கும்? எந்த மொழியில் ஏற்கும்? படிப்பு முடிந்தபின் வேலை தேட எத்தனை மாதம் அவகாசம் தரும்? வேலை கிடைக்காமல் ஊர் திரும்ப நேர்ந்தால் கடனை எந்த ஊதியத்திலிருந்து அடைப்பது? இக்கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே கல்லூரியின் தரவரிசைக்குப் பொருள் உண்டு என்பது என் வாதம்.

முதலில் இந்தப் படிப்பின் இயல்பைப் புரிந்துகொள்வோம். இது சுருக்கப்பட்ட எம்பிஏ அன்று. எம்பிஏ என்பது சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு உரியது. மேலாண்மை முதுநிலைப் படிப்போ பணி அனுபவம் இல்லாத, அல்லது ஓரிரு ஆண்டு அனுபவம் மட்டுமே உள்ள இளம் பட்டதாரிகளுக்கானது. ஐரோப்பாவில் முன்பு பல நாடுகளில் இளநிலையும் முதுநிலையும் பிரியாத நீண்ட பட்டப் படிப்புகளே இருந்தன. 1999-இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட போலோனியா பிரகடனம் அவற்றை இளநிலை, முதுநிலை என்ற இரண்டு படிகளாகப் பிரித்தது. இன்று நாம் காணும் ஐரோப்பிய மேலாண்மை முதுநிலைப் படிப்பு பரவலானது அதன் விளைவாகத்தான். பிரான்ஸில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. ஈஎஸ்சிபி 1819-இலும், எச்இசி பாரிஸ் 1881-இலும், எசெக் 1907-இலும் தோன்றியவை. பிரெஞ்சு மாணவர்கள் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தயாரிப்பு வகுப்பில் படித்து, கடும் போட்டித் தேர்வு எழுதி இவற்றில் நுழைகிறார்கள். நம் மாணவர்கள் பட்டத்தின் அடிப்படையில் தனி வழியில் சேர்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறை விளைவு உண்டு. ஆலோசனை நிறுவனங்களில் மேலாண்மை முதுநிலை முடித்தவர் ஏணியின் முதற்படியில் சேர்வார். எம்பிஏ முடித்தவர் அதற்கு அடுத்த படியில் சேர்வார். இரண்டுக்குமான ஊதியம் வேறு. இணையத்தில் உலவும் எம்பிஏ ஊதிய எண்களைப் பார்த்து இந்தப் படிப்புக்கான கடனைத் திட்டமிடுவது ஆபத்து.

இனி பட்டியலுக்கு வருவோம். 'பைனான்சியல் டைம்ஸ்' பட்டியலில் ஊதியம் பெரும் பங்கு வகிக்கிறது. படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆன பழைய மாணவர்களிடம் கேட்டு, அவர்களுள் விடையளித்தவர்களின் ஊதியத்தை அமெரிக்க டாலருக்கு மாற்றித் தருகிறார்கள். இந்த மாற்றம் சந்தை மாற்று விகிதப்படி நடப்பதில்லை. வாங்கும் திறன் சமநிலைப்படி நடக்கிறது. அதாவது அந்தந்த நாட்டின் விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட டாலர் அது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் சென்னையில் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் ஊதியம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விகிதப்படி அது 30,000 டாலரைக்கூட எட்டாது. வாங்கும் திறன் சமநிலைப்படி அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். ஆமதாபாத் ஐஐஎம் போன்ற இந்திய நிறுவனங்கள் இப்பட்டியலின் ஊதியப் பத்தியில் ஐரோப்பியக் கல்லூரிகளை விஞ்சி நிற்பதன் முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட இம்முறை சரியானதே. ஆனால் யூரோவில் செலவு செய்து, ரூபாயில் கடன் வாங்கி, அதை அடைக்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த எண் பயன்படாது. அவர்களுக்குத் தேவையானது, வரியும் வாடகையும் போகக் கையில் நிற்கும் யூரோ எவ்வளவு என்ற கணக்கு.

பட்டியலின் சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. ஒரு ஜெர்மானியக் கல்லூரியின் சராசரி ஊதியத்தில் ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, வேலை அனுமதி எதுவும் தேவைப்படாத மாணவர்களே பெரும்பான்மையினர். நம் பிள்ளை அந்தச் சராசரியின் உறுப்பினர் அல்லர். அவருக்குப் பொருத்தமான எண், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்களில் எத்தனை பேர் அதே நாட்டில் வேலை பெற்றார்கள் என்பதே. கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அறிக்கைகளில் அந்த எண் இல்லாவிட்டால், எழுதிக் கேட்க வேண்டும். விடை வராவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

பட்டத்துக்கு ஏன் விலை இருக்கிறது என்பது பற்றிப் பொருளியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட தம் நூலில் கல்வியை மனித மூலதனம் என்றார். படிப்பு ஒருவரின் உற்பத்தித் திறனை உயர்த்துகிறது, அதனால் ஊதியம் உயர்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறொன்றைச் சொன்னார். வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் திறமை நேரடியாகத் தெரியாது. பட்டம் அத்திறமையை அடையாளம் காட்டும் ஒரு சமிக்ஞை. பிற்காலத்தில் இருவருமே நோபல் பரிசு பெற்றார்கள். ஆலோசனைத் தொழிலில் ஸ்பென்ஸின் விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சல்லடையில் சலிக்கும் நிறுவனம், தான் ஏற்கெனவே அறிந்த சில கல்லூரிகளின் பெயரைக் கண்டால் விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறது.

ஆனால் எந்தச் சமிக்ஞைக்கும் ஒரு சுற்றெல்லை உண்டு. எச்இசி, எசெக், ஈஎஸ்சிபி ஆகியவற்றின் பெயர் பாரிஸில் கதவைத் திறக்கும். செயின்ட் காலன், மான்ஹைம் ஆகியவற்றின் பெயர் சூரிச்சிலும் பிராங்க்பர்ட்டிலும் மியூனிக்கிலும் செல்லும். மிலானில் போக்கோனி, ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பொருளியல் கல்லூரி, ஆம்ஸ்டர்டாமில் ராட்டர்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம். எல்லை தாண்டியும் மதிக்கப்படும் பெயர்கள் சில உண்டு. அவற்றிலும் பெரும்பாலான ஆள்சேர்ப்பு அருகிலுள்ள அலுவலகங்களாலேயே நடக்கிறது. மிலானில் படித்துவிட்டு லண்டனில் வேலை தேடுவது முடியாத காரியம் அன்று. ஆனால் லண்டனில் படித்தவரைவிட ஓரடி பின்னால் நின்று தொடங்க வேண்டும். பட்டியலில் ஏழாம் இடத்துக்கும் பதினேழாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியைவிட, வேலை தேடும் நகரத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள இடைவெளி பெரிது.

பெயர் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2002-இல் வெளியிட்ட கட்டுரை அது. ஒத்த தரமுள்ள கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒத்த முறையில் இடம் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டபோது, கூடுதல் தேர்ச்சி கோரும் கல்லூரியில் சேர்ந்தவர்கள் சராசரியாக அதிகம் சம்பாதிக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி மாணவரிடமே இருந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு: எளிய குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்குச் சிறந்த கல்லூரி உண்மையிலேயே கூடுதல் பயன் தந்தது. நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அறிமுகங்களும் தொடர்புகளும் இல்லாத வீட்டிலிருந்து வருபவருக்கு நல்ல கல்லூரியின் பழைய மாணவர் வட்டம் பெரிய சொத்து. அந்தச் சொத்தும் ஒரு நாட்டில், ஒரு மொழியில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மொழி பற்றிய தவறான நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. 'பாடம் ஆங்கிலத்தில்தானே' என்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான், வேலை ஆங்கிலத்தில் அன்று. ஆலோசகர் தம் அலுவலகத்தில் அமர்ந்து கணக்குப் போடுபவர் மட்டுமல்லர். வாடிக்கையாளரின் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். கிடங்கு மேலாளரிடம் பேச வேண்டும். தொழிற்சங்கத்தினரின் கவலையைக் கேட்க வேண்டும். நிறுவன உரிமையாளரின் முன் முடிவை எடுத்துரைக்க வேண்டும். ஜெர்மனியின் தொழில் வலிமை நடுத்தர அளவுள்ள, குடும்பங்களுக்குச் சொந்தமான நிறுவனங்களில் இருக்கிறது. அங்கே ஜெர்மன் தெரியாமல் ஆலோசனை சொல்ல இயலாது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் இதே நிலைதான். நெதர்லாந்தில் ஆங்கிலத்துக்கு இடம் சற்று அதிகம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டுமே மொழி தடையாகாது.

ஆகவே ஜெர்மனியையோ பிரான்ஸையோ நாடுபவர் மொழிப் படிப்பை விமானம் ஏறிய பிறகு தொடங்கக் கூடாது. அன்றாடப் பேச்சுக்குப் போதும் என்ற நிலையிலிருந்து, ஒரு நேர்காணலில் கணக்கும் தர்க்கமும் அந்த மொழியிலேயே சொல்லும் நிலைக்கு வரப் பல மாதங்கள் அல்ல, பெரும்பாலும் சில ஆண்டுகள் ஆகும். சென்னையில் கோதே நிறுவனமான மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கின்றன. புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்க வசதி உண்டு. கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே இந்த வகுப்பில் சேரும் மாணவர், நுழைவுத் தேர்வில் கூடுதலாகச் சில மதிப்பெண் பெற்றவரைவிட முன்னேறியவர் என்பேன்.

அடுத்தது நாள்காட்டி. லண்டனில் இப்படிப்புகள் பெரும்பாலும் ஓராண்டுக் காலத்தவை. ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். அடுத்த ஆண்டு வேலைக்கான விண்ணப்பங்களை ஆலோசனை நிறுவனங்கள் அதே இலையுதிர் காலத்திலேயே வாங்கி முடித்துவிடுகின்றன. வீடு தேடி, வங்கிக் கணக்கு தொடங்கி, குளிருக்குப் பழகுவதற்குள் பந்தயத்தின் முதல் சுற்று முடிந்துபோகும். அங்கே செல்பவர் நேர்காணலுக்கான பயிற்சியைச் சென்னையிலேயே முடித்திருக்க வேண்டும்.

பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. அங்கே இன்டர்ன்ஷிப்தான் வேலைக்கான உண்மையான வாசல். பிரெஞ்சுக் கல்லூரிகளில் இரு ஆண்டுகளுக்கு நடுவே ஓராண்டை ஒதுக்கி, ஆறாறு மாதமாக இரண்டு நிறுவனங்களில் பணியாற்றும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஜெர்மனியில் ஆலோசனைப் பணிக்கு வருபவர் பல இன்டர்ன்ஷிப்புகளை முடித்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஓராண்டுப் படிப்பில் பணம் மிச்சம்; இரண்டாண்டுப் படிப்பில் காலமும் அனுபவமும் மொழியும் மிச்சம். பணி அனுபவம் எதுவுமில்லாத 21 வயது மாணவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஏற்கெனவே ஓரிரு ஆண்டு நல்ல நிறுவனத்தில் பணியாற்றியவருக்கு முதலாவது போதும்.

நேர்காணல் பற்றியும் ஒரு சொல். இந்நிறுவனங்கள் 'கேஸ்' எனப்படும் தொழிற்சிக்கல் ஒன்றைக் கொடுத்து அரை மணி நேரத்துக்கும் மேலாக உரையாடுகின்றன. ஒரு பால் நிறுவனத்தின் விற்பனை உயர்ந்தும் இலாபம் குறைகிறது. காரணம் என்ன என்பது போன்ற கேள்விகள். சிக்கலைப் பகுதிகளாகப் பிரிப்பது, மனக்கணக்கு, விடையை நான்கு சொற்றொடரில் சொல்வது ஆகியவற்றைத்தான் சோதிக்கிறார்கள். கல்லூரியின் பெயர் நேர்காணல் அறையின் வாசல் வரை அழைத்துச் செல்லும். உள்ளே அது உதவிக்கு வராது.

இப்போது விசா விதிகள். இவை அரசியல் காற்றுக்கேற்ப மாறுபவை என்பதால் குடும்பங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. ஜெர்மனி தன் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட 18 மாதம் அவகாசம் தருகிறது. நெதர்லாந்து ஓராண்டு தருகிறது. பிரான்ஸ் ஓராண்டு தருகிறது. 2018-இல் இந்தியாவும் பிரான்ஸும் செய்துகொண்ட குடிபெயர்வு ஒப்பந்தத்தின் பயனாக இந்தியர்கள் அதை மேலும் ஓராண்டு நீட்டிக்க வழியுண்டு. பிரிட்டன் 2021 ஜூலையில் தொடங்கிய திட்டப்படி முதுநிலைப் பட்டதாரிகள் இரண்டு ஆண்டுகள் தங்கலாம். ஆனால் 2027 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னோ விண்ணப்பிப்பவர்களுக்கு இது 18 மாதமாகக் குறைகிறது. அதன் பின் அங்கே திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொது ஊதிய வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது. புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு எனினும், போக்கு எந்தத் திசையில் என்பது தெளிவு.

சுவிட்சர்லாந்தின் நிலை சிந்திக்கத்தக்கது. 2011 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக 'பைனான்சியல் டைம்ஸ்' பட்டியலில் முதலிடத்தைத் தக்கவைத்தது அந்நாட்டின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து அங்கே பட்டம் பெறுபவர்களுக்கு வேலை தேடத் தரப்படும் அவகாசம் ஆறு மாதம். அதற்கு மேல், அவர்களுக்கான வேலை அனுமதிகள் ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உட்பட்டவை. ஆக, பட்டியலில் உச்சியில் நின்ற கல்லூரி, நம்மவருக்கு மிகக் குறுகிய கதவுள்ள நாடுகளுள் ஒன்றில் இருக்கிறது. தரவரிசையும் வேலைவாய்ப்பும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. செயின்ட் காலன் சிறந்த கல்லூரிதான். ஆனால் அங்கே படிப்பவர் ஜெர்மன் மொழியைக் கற்று, ஜெர்மனியின் சந்தையையும் மனத்தில் கொண்டு திட்டமிட வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் தாங்கும் தூண்: பணம். பிரான்ஸ் அல்லது லண்டனின் புகழ்பெற்ற கல்லூரியில் கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக மொத்தம் 60,000 யூரோ ஆகிறது என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். யூரோ நூறு ரூபாய் என்றால் அது 60 லட்சம் ரூபாய். 11 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுத் தவணையில் அதை அடைக்க மாதம் 82,000 ரூபாய்க்கு மேல் தேவை. படிப்புக் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. பாரிஸில் ஆலோசகராகப் பணியாற்றுபவருக்கு இது சுமக்கக்கூடிய சுமை. வேலை கிடைக்காமல் சென்னைக்குத் திரும்பி, மாதம் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் சேர்பவருக்கு அது வாழ்க்கையையே விழுங்கும் சுமை. பெற்றோரின் வீடு அடமானத்தில் இருந்தால் அந்தச் சுமை மூன்று பேரின் தோள்களில் இறங்கும்.

இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். மான்ஹைம் பல்கலைக்கழகம் ஜெர்மனியின் பேடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தைச் சேர்ந்த அரசுப் பல்கலைக்கழகம். அம்மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்கு பருவத்துக்கு 6,000 யூரோ. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்டச் சொல்கிறது. 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்த தொகை இது. இரண்டையும் கூட்டினால் இரு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 30,000 யூரோ. முன்பு சொன்னதில் பாதி. ஆனால் அங்கே சேர இளநிலையில் வணிக மேலாண்மைப் பாடங்களைக் குறிப்பிட்ட அளவு படித்திருக்க வேண்டும். பொறியியல் பட்டதாரிகள் பலருக்கு இந்தக் கதவு திறக்காது. ஜெர்மனியின் எல்லாக் கதவுகளும் இலவசம் என்ற நிலையும் மாறிவருகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு முதுநிலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கியுள்ளது.

நாணய மாற்று விகிதத்தையும் மறக்கலாகாது. 2015-இல் ஒரு யூரோவின் விலை ஏறத்தாழ 70 ரூபாய். 2025-இல் அது நூறு ரூபாயைத் தாண்டியது. யூரோவில் சம்பாதித்து ரூபாய்க் கடனை அடைப்பவருக்கு ரூபாயின் சரிவு உதவி. படிக்கும்போதே ரூபாயை யூரோவாக மாற்றிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அதுவே இழப்பு. திரும்பி வந்துவிட்டவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஆகவே வங்கி எவ்வளவு கடன் தரும் என்று கேட்பதைவிட, இந்தியாவில் கிடைக்கக்கூடிய ஊதியத்தில் எவ்வளவு கடனை அடைக்க முடியும் என்று கேட்பதே விவேகம். அந்தத் தொகையே உச்சவரம்பு. அதற்கு மேல் ஆகும் செலவுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தால் செல்லலாம். இல்லாவிட்டால் கட்டணம் குறைந்த கல்லூரியைத் தேடலாம்.

ஆலோசனைத் தொழிலின் நிலையையும் நோக்க வேண்டும். பெருந்தொற்றுக்குப் பிந்தைய எழுச்சியில் ஆட்களை அள்ளிச் சேர்த்த நிறுவனங்கள் 2023-இல் பின்வாங்கின. அந்த ஆண்டு மார்ச்சில் அக்சென்ச்சர் நிறுவனம் 19,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. தரவு திரட்டுதல், அறிக்கை தயாரித்தல், படங்கள் வரைதல் ஆகிய முதற்படி வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு இப்போது பெருமளவு செய்கிறது. அந்த முதற்படியில்தான் மேலாண்மை முதுநிலைப் பட்டதாரிகள் காலடி வைக்கிறார்கள். ஆலோசனைத் தொழில் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆலோசனை வேலை கிடைக்காவிட்டாலும் மதிப்பிழக்காத படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். சுற்றிலும் தொழிற்சாலைகளும் வங்கிகளும் மருந்து நிறுவனங்களும் உள்ள நகரத்தில் படித்தவருக்கு இரண்டாவது வழி இருக்கும்.

ஆலோசகர் வேலையை இந்தியாவிலேயே செய்வதுதான் நோக்கம் என்றால், ஐரோப்பா சுற்றுவழி. இந்தியாவிலுள்ள இந்நிறுவனங்களின் அலுவலகங்கள் பெரும்பாலும் முன்னணி ஐஐஎம்களிலும் ஐஐடிகளிலும்தான் ஆள் எடுக்கின்றன. நான்கைந்து ஆண்டு இங்கேயே நல்ல நிறுவனத்தில் பணியாற்றி, பிறகு ஐரோப்பாவில் எம்பிஏ படிப்பதும் ஒரு வழி. இன்சியாடில் அது பத்து மாதப் படிப்பு. உடனே புறப்படுவதே புத்திசாலித்தனம் என்று எவரும் விதி எழுதி வைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியத் தலைநகரங்கள் சிலவற்றில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரு தளங்களை வாடகைக்கு எடுத்து நடக்கும் தனியார் கல்லூரிகள் பெருகியுள்ளன. அவற்றின் வகுப்புகளில் உள்ளூர் மாணவர்கள் அரிது. வேலை தருபவர்கள் அவற்றின் பெயரை அறியார். நம் ஊர் முகவர்கள் பலர் மாணவரைச் சேர்ப்பதற்காகக் கல்லூரியிடமிருந்தே தரகு பெறுகிறார்கள்; அவர்கள் எந்தக் கல்லூரியைப் பரிந்துரைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஈக்விஸ், ஏஏசிஎஸ்பி போன்ற அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பது முதற்சோதனை. லிங்க்ட்இன் தளத்தில் அக்கல்லூரியின் கடந்த மூன்று ஆண்டு இந்திய மாணவர்கள் இப்போது எங்கே, என்ன பணியில் இருக்கிறார்கள் என்று பத்துப் பேரையாவது தேடிப் பார்ப்பது இரண்டாவது சோதனை. விளம்பரக் கையேடு சொல்லாததை அந்தப் பத்துப் பேரின் பணி வரலாறு சொல்லிவிடும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' திட்டம் வேலைக்கான திறன்களைக் கற்பிக்கிறது. அதில் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளை உயர்நிலை வரை முறையாகக் கற்பிக்கும் ஏற்பாடு வலுப்பெற வேண்டும். அரசு உதவித்தொகையிலும் பொதுத்துறை வங்கிக் கடனிலும் வெளிநாடு சென்றவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள், இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைப் பெயர் நீக்கித் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடலாம். கடனைத் திருப்பிச் செலுத்தும் விவரம் வங்கிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. லண்டன் நாளிதழின் பட்டியலைவிட நம் குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல்தான் கூடுதலாகப் பயன்படும்.

அதுவரை, வீட்டில் அமர்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்க்கலாம்: வேலை செய்ய விரும்பும் நாடு, அங்கே பேச வேண்டிய மொழியும் அதில் இன்றைய தேர்ச்சியும், பட்டத்துக்குப் பின் கிடைக்கும் மாதங்கள், ஊர் திரும்பினாலும் அடைக்கக்கூடிய கடன். நான்கும் நிரம்பிய பிறகு பட்டியலைத் திறந்தால், பார்க்க வேண்டிய கல்லூரிகள் நூறாக இரா. ஐந்தோ ஆறோதான் இருக்கும்.